சாரல் காலத்தில் குஷன்களில் பூஞ்சணம்: மருந்துக்கு முன் செய்ய வேண்டியது

கேள்வி: செங்கோட்டையில் எங்கள் வீட்டின் பின் தாழ்வாரத்தில், பலா மரத்து நிழலில் மர சோபா போட்டிருக்கிறோம். ஆனி பிறந்ததும் குஷன்களில் கரும்புள்ளி விழுந்து வாடை அடிக்கிறது. பிளாஸ்டிக் உறை போட்டும் பயனில்லை. என்ன மருந்து தெளிக்கலாம்?

பதில்: மருந்தைத் தேடும் முன் அந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிடுங்கள். அது மழையைத் தடுக்கிறது என்பது உண்மைதான். ஆனால் உள்ளே புகுந்த ஈரத்தையும் வெளியே விடாமல் பூட்டி வைக்கிறது.

ஆரியங்காவு கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்று, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உங்கள் ஊரில் பொடிச் சாரலாகத் தூவிக்கொண்டே இருப்பதால், குஷன் நனைவது கண்ணுக்குத் தெரிவதில்லை. தட்டில் வைத்த முறுக்கு நமத்துப்போகும் காற்றில் பஞ்சும் ஸ்பாஞ்சும் அதே ஈரத்தைத்தான் குடிக்கின்றன. காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தாலே துணியில் பூஞ்சணம் வளரத் தொடங்கும். துணியில் படிந்த தூசு, வியர்வை, தலையில் தேய்த்த எண்ணெய், மரத்திலிருந்து உதிரும் சருகுத் துகள் எல்லாமே அதற்கு உணவு. ஆகவே பருத்தியை விட்டு பாலியெஸ்டருக்கு மாறினால் மட்டும் தப்பிவிட முடியாது.

ஒரு குஷனைப் புரட்டிப் பாருங்கள். மேற்பரப்பைவிட அடிப்பக்கத்திலும் ஓரத்துத் தையலிலும் புள்ளிகள் நெருக்கமாக இருந்தால், பலகையோடு ஒட்டிக் கிடக்கும் இடத்தில் காற்றுக்கு வழியில்லை என்று பொருள். இருக்கை ஒரே பிளைவுட் பலகையாக இருக்குமானால், அதை எடுத்துவிட்டு, விரல் நுழையும் இடைவெளி விட்டு ரீப்பர் கட்டைகளை, அதாவது மெல்லிய மரச்சட்டங்களை, அடிக்கச் சொல்லுங்கள். செலவு செய்வதென்றால் நான் முதலில் இதற்குத்தான் செய்வேன். இரவில் குஷன்களைப் படுக்க வைக்காமல், வீட்டுக்குள் ஒன்றோடொன்று ஒட்டாமல் செங்குத்தாக நிறுத்தி மின்விசிறியை ஓடவிடுங்கள். நனைந்த குஷன் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்தால் பூஞ்சணம் பெரும்பாலும் பிடிப்பதில்லை. பலாவின் தாழ்ந்த கிளைகளைக் கழித்துவிட்டால் வெயிலும் கொஞ்சம் எட்டிப்பார்க்கும்.

இப்போது இருக்கும் கறைக்கு, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வெட்டவெளியில் உலர்ந்த பிரஷால் தேயுங்கள். வீட்டுக்குள் தேய்த்தால் பூஞ்சணத்தின் வித்துகள் எங்கும் பரவும். பின்னர் வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவு கலந்து தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, உறையைச் சோப்பு நீரில் துவைத்து, சோப்பு மிச்சமில்லாமல் அலசி நன்றாக உலர்த்துங்கள். சாயம் போகுமா என்பதை முதலில் அடிப்பக்க மூலையில் சோதித்துக்கொள்ளுங்கள். வினிகரோடு பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு கிளம்பும். கறை முழுதும் போகாவிட்டாலும் கவலைப்பட வேண்டாம். வாடை நின்றதா என்பதே முக்கியம்.

உறையைத் துவைத்த பிறகும் ஸ்பாஞ்சை முகர்ந்தால் அதே வாடை வருமானால், அதைக் காப்பாற்ற முயலாமல் மாற்றிவிடுங்கள். புதிதாக வாங்கும்போது இலவம் பஞ்சைத் தவிர்த்து, தண்ணீர் ஊற்றினால் நேராக வடிந்துவிடும் பெரிய துளை ஸ்பாஞ்சைக் கேளுங்கள். உறையைக் கழற்றி அடிக்கடி துவைக்க வசதியாக, அடிப்பக்கம் முழுநீள ஜிப் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.