திருகோணமலையில் மூன்று நாள்: எங்கே சாப்பிடலாம், காசில்லாமல் என்ன பார்க்கலாம்?

கேள்வி: “சென்னையிலிருந்து நால்வர் வருகிறோம்: நான், கணவர், பதினொரு வயது மகன், மாமியார். ஆடி மாதம் மூன்று நாள் திருகோணமலையில். விமான டிக்கெட்டுக்கே பாதிக் காசு போய்விட்டது. வெளியில் எங்கே சாப்பிடலாம்? காசு கொடுக்காமல் என்னென்ன பார்க்கலாம்? மாமியார் சைவம்.”

நான் இந்த ஊர் உவர்மலையில் வளர்ந்தவள். கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் சொந்தக்காரர் வந்திறங்கினால் ஊர் சுற்றிக் காட்டும் பொறுப்பு இருபது வருடமாக என் தலையில்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கண்ணுக்கு இந்த ஊர் பெரும்பாலும் காசு கேட்காது. கொண்டுவருவதைச் சாப்பாட்டில் போடுங்கள். ஆனால் எங்கே, எத்தனை மணிக்கு என்று தெரிந்து போடுங்கள். அது தெரியாமல் நானே ஒருமுறை சூடுபட்டிருக்கிறேன், கீழே வருகிறது.

ஆடி நல்ல காலம். கொழும்புப் பக்கம் கடல் கொந்தளிக்கிற அந்த மாதங்களில் எங்கள் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். ஆனால் கச்சான் வீசும். மலைநாட்டைத் தாண்டி இறங்கி வரும் வறண்ட தென்மேற்குக் காற்றுக்கு இங்கே அந்தப் பேர். (வேர்க்கடலைக்கும் கச்சான் என்றுதான் சொல்வோம். கடற்கரையில் ஒரு பையன் ‘கச்சான், கச்சான்’ என்று கூவினால் காற்றைச் சொல்லவில்லை.) காலை பதினொன்றுக்கு மேல் பின்னேரம் நாலு மணி வரை அந்தக் காற்றில் அலைந்தால் மாமியார் அடுத்த நாள் எழும்ப மாட்டார். அதனால் விடியலிலும் பின்னேரத்திலும் சுற்றுங்கள். நடுப்பகல் சோற்றுக்கும் நித்திரைக்கும்.

முதல் விடியல் கோணேசர் கோவிலுக்கு. டவுனிலிருந்து நடந்தே போகலாம், ஓட்டோ வேண்டாம். பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள் நுழைந்துதான் போக வேண்டும். உள்ளே இன்னும் இராணுவ முகாம் இருக்கிறது. கோவிலுக்குப் போகும் வீதியில் யாரும் மறிக்க மாட்டார்கள், முகாம் பக்கம் கமராவைத் திருப்பாமல் இருந்தால் சரி. எல்லோரும் வாசலைக் கடந்து விறுவிறென்று மேலே ஏறிவிடுவார்கள். நீங்கள் அங்கேயே ஒரு நிமிடம் நில்லுங்கள். வாசல் கல்லில் இரட்டை மீன் செதுக்கியிருக்கும், பாண்டியர் சின்னம். பக்கத்தில் சிதைந்த தமிழ் எழுத்துகள். ‘முன்னே குளக்கோட்டன்’ என்று தொடங்கி, அந்த மன்னன் கோவிலுக்குச் செய்த திருப்பணியைப் பின்னே பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பிரிப்பான் என்று போகிற வாசகம் அது. 1622 இல் போர்த்துக்கேயர் கோவிலை இடித்தார்கள், இடித்த கல்லையே கோட்டைக்கு எடுத்தார்கள். இடித்தவன் கட்டிய கோட்டை வாசலில் இடிபட்ட கோவிலின் கல் நிற்கிறது. உங்கள் மகன் பாடப் புத்தகத்தில் படிக்காத சரித்திரம் இது, டிக்கெட் கிடையாது.

மான்களைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை, அவை தாமாகவே வரும். புள்ளிமான்கள் கோட்டைக்குள் ஆடுமாடு மாதிரித் திரியும், சில நாள் டவுன் வீதியிலும் படுத்திருக்கும். ஒரே ஒரு வேண்டுகோள், பொலித்தீன் பையோடு எதையும் நீட்டாதீர்கள். பையையும் சேர்த்து விழுங்கிச் செத்த மான்கள் உண்டு.

மேலே சுவாமி மலையில் இப்போது இருக்கும் கோவில் பிந்திக் கட்டியது. 1956 இல் ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் மலைக்குக் கீழே கடலில் மூழ்கிப் பழைய கோவிலின் தூண்களையும் கற்களையும் கண்டார்கள். 1963 இல் குடமுழுக்கு நடந்தது. திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம் என்பதால் மாமியாருக்கு உங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கும். அவரைக் கோவிலுக்குள் விட்டுவிட்டு நீங்கள் இராவணன் வெட்டுப் பக்கம் போங்கள். மலை பிளந்து நேரே கடலுக்குள் இறங்கும் இடம். குழந்தை வேண்டிக் கட்டிய சின்னச் சின்ன மரத்தொட்டில்கள் அங்குள்ள மரத்தில் தொங்கும். தடுப்புக்கு அப்பால் மகனை விடாதீர்கள். அங்கே நின்று ஆழ்கடலைப் பொறுமையாகப் பாருங்கள். பங்குனியிலிருந்து ஆவணி வரை திமிங்கிலங்கள் கரையை ஒட்டி வரும் காலம். படகில் காசு கட்டிப் போகிறவர்கள் தேடுவதை நான் இந்தப் பாறையில் நின்றே இரண்டு தடவை கண்டிருக்கிறேன், தூரத்தில் புகை மாதிரி ஒரு மூச்சு. மூன்றாவது தடவை ஒரு மணி நேரம் நின்றும் ஒன்றும் இல்லை. அதற்கு உத்தரவாதம் தர முடியாது.

ஆடி அமாவாசை உங்கள் மூன்று நாளுக்குள் விழுந்தால் கோவிலில் கால் வைக்க இடமிருக்காது. தீர்த்தமாட வரும் கூட்டத்தைப் பார்க்க ஆசையென்றால் போங்கள், ஆறுதலாகக் கும்பிட வேண்டுமென்றால் வேறு நாள்.

இறங்கி வரும்போது பசிக்கும். காலைச் சாப்பாட்டுக்கு டவுனுக்குள் எந்தச் சைவக் கடையும் சரி. மத்திய வீதிப் பக்கம் பாருங்கள். வெளியில் சைக்கிள் நிறைய நிற்கிற கடைக்குள் போங்கள், போர்டு பெரிதாக இருக்கிற கடைக்குள் வேண்டாம். தோசை உங்களுக்குப் புதிதல்ல, ஆகவே இடியப்பமும் சொதியும் சம்பலும் கேளுங்கள். சொதி என்றால் இங்கே தேங்காய்ப் பாலில் மஞ்சளும் பச்சை மிளகாயும் போட்ட தண்ணீரான குழம்பு. மாமியார் சாம்பார் கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் அதை அவர் சென்னையில் குடிக்கலாம். வடை, ரோல்ஸ் எல்லாம் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து மேசையில் வைப்பான். பயப்படாதீர்கள், எடுத்ததற்கு மட்டும்தான் கணக்கு. ரோல்ஸ் உள்ளே மீனோ இறைச்சியோ இருக்கலாம், மாமியார் கை வைக்கும் முன் கேளுங்கள். தேத்தண்ணி என்றால் பாலில்லாத டீ. பால் வேண்டுமென்றால் ‘பால்தேத்தண்ணி’ என்று சொல்லிக் கேளுங்கள்.

இப்போது நான் சூடுபட்ட கதை. கனடாவிலிருந்து சித்தி குடும்பம் வந்திருந்தது. பின்னேரம் கடற்கரையில் மணலுக்குள் மேசை போட்ட ஒரு உணவகம், மெழுகுதிரி, பாட்டு. சித்தப்பா நண்டுக் கறி என்றார். பெடியன் ஒரு தட்டில் இரண்டு பெரிய நண்டைக் கொண்டுவந்து காட்டினான், சித்தப்பா தலையாட்டினார். விலைப் பட்டியலில் போட்டிருந்தது நூறு கிராமுக்கான விலை என்று பில் வந்த பிறகுதான் பார்த்தோம். மேலே பத்து வீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேலே வரி. அந்த இரண்டு நண்டின் காசுக்கு நாங்கள் எட்டுப் பேரும் டவுனில் மூன்று நாள் மதியச் சோறு சாப்பிட்டிருக்கலாம். கறி நல்லாயிருந்ததா என்றால், நல்லாத்தான் இருந்தது. ஆனால் அடுத்த வாரம் அம்மா சந்தையில் நண்டு வாங்கி முருங்கையிலை போட்டு வைத்தது அதைவிட நல்லாயிருந்தது.

நிறுத்து விற்பதை எடுக்குமுன் ‘மொத்தம் எவ்வளவு வரும்?’ என்று கேளுங்கள். தமிழில் கேளுங்கள். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைக் கடைகள் வெளிநாட்டாருக்காக வைத்தவை. ஒரு பின்னேரம் அங்கே இருந்து ஒரு சோடா குடிப்பதில் தப்பில்லை, மூன்று வேளையும் அங்கே சாப்பிட்டால் திரும்பிப் போகக் காசிருக்காது.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு உண்மையான சாப்பாடு மதியம், டவுன் கடைகளில். சோறும் கறியும். ஒரு மீன், மூன்று மரக்கறி, பருப்பு, சொதி, அப்பளம், பொரித்த மிளகாய். மீனைத் தவிர மற்றதெல்லாம் திரும்பத் திரும்பப் போடுவார்கள். என்ன மீன் என்று கேட்டு எடுங்கள். அறக்குளா என்பது உங்கள் ஊர் வஞ்சிரம். விளைமீன் இருந்தால் யோசிக்காதீர்கள். சுறா வறை இருக்கிற நாள் உங்கள் அதிர்ஷ்டம், சென்னையில் சுறாப்புட்டு என்பீர்களே, அதன் ஒன்றுவிட்ட தங்கச்சி. பன்னிரண்டரைக்குள் போங்கள். இரண்டு மணிக்குப் போனால் கணவாய்க் கறி முடிந்து, பருப்பும் கடைக்காரரின் அனுதாபமும்தான் மிஞ்சும். நால்வருக்கு இரண்டு பார்சல் கட்டினாலே போதும், அவ்வளவு சோறு வைப்பார்கள். தங்குமிடத்துக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.

வெள்ளிக்கிழமை ஊரில் பாதிப்பேர் சைவம். அன்று சைவக் கடையில் மரக்கறி வகை கூடவும் இருக்கும், கூட்டமும் இருக்கும். மாமியாரோடு அன்று அங்கே. இன்னொன்று, ஆடி முதலாம் தேதி நீங்கள் இங்கே இருந்தால் தங்குமிடத்து வீட்டம்மாவிடம் ஆடிக்கூழ் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கடையில் கிடைக்காது. உங்கள் அம்மன் கோவில் கேழ்வரகுக் கூழ் மாதிரி அல்ல இது, அரிசிமாவும் தேங்காய்ப் பாலும் பனங்கட்டியும் போட்ட இனிப்பு. கேட்ட விருந்தாளிக்கு ஒரு கோப்பை கொடுக்காத வீடு இங்கே இல்லை.

இரண்டாம் நாள் விடியலில் நிலாவெளி பஸ் எடுங்கள், பதினைந்து கிலோமீற்றர்தான். உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கரைவலை இழுப்பதைப் பார்க்க வேண்டும். கடலுக்குள் வளைத்துப் போட்ட வலையை இரண்டு பக்கமும் வரிசையாக நின்று அம்பா என்ற மீனவர் பாட்டுப் பாடி இழுப்பார்கள். மீன் சேர்ந்த வலையின் மடி கரைக்கு வரும்போது காகமும் நாயும் பொம்பளைகளும் சின்னப் பிள்ளைகளும் ஒன்றாக ஓடுவார்கள். கணவரும் மகனும் கயிற்றில் கை வைத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள், உள்ளங்கை சிவக்கும் அவ்வளவுதான். எங்கள் சொந்தக்காரப் பிள்ளைகள் ஊரைப் பற்றி இன்றைக்கும் கதைப்பது இதைத்தான், தீவைப் பற்றி அல்ல.

தீவு என்றதும் சொல்லிவிடுகிறேன். புறாமலை தேசியப் பூங்கா. அனுமதிச் சீட்டு, படகு, மூழ்கு கண்ணாடி எல்லாவற்றுக்கும் தனித்தனிக் காசு, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு எங்களைவிடக் கூட. பவளப் பாறை உண்மையிலேயே அழகு. ஒரு செலவு மட்டும் செய்யலாம் என்றால் அதைச் செய்யுங்கள், மகனுக்கு நீந்தத் தெரியாவிட்டால் வேண்டாம். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குச் சின்னக் கட்டணம்தான். ஏழு கிணறு, ஏழுக்கும் ஏழு சூடு. கச்சான் காற்றில் மத்தியானம் போய் வெந்நீர் அள்ளி ஊற்றினால் நான் பொறுப்பில்லை.

நிலாவெளியிலிருந்து திரும்பும் வழியில் உப்புவெளி யுத்தக் கல்லறை. வீதியோரம்தான், இலவசம். 1942 ஏப்ரல் 9 ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டன. கற்களில் வயதைப் படித்துக்கொண்டு போங்கள், பத்தொன்பது, இருபத்தொன்று. இந்தியப் பெயர்களும் இருக்கின்றன. அதிக நேரம் நிற்க முடியாது.

பின்னேரங்களுக்கு டச்சுக்குடாக் கடற்கரை. டவுனிலிருந்து நடை தூரம். ஊரே அங்கேதான் இருக்கும், பட்டம் விடுகிறவர்கள், காலை மட்டும் நனைக்கும் கிழவர்கள், ரியூஷன் முடிந்து வந்த பிள்ளைகள். வண்டியில் இறால் வடை சுடுவார்கள், மேலே வெங்காயச் சம்பல் தூவித் தாளில் சுற்றித் தருவார்கள். மாங்காய் அச்சாறும் கச்சானும் உண்டு. மாமியாருக்குப் பருப்பு வடை கேளுங்கள், ஆனால் எண்ணெய் ஒன்றுதான், அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடைசிப் பின்னேரம் கிண்ணியாப் பாலத்துக்கு. 396 மீற்றர், 2009 இல் திறந்தது. அதற்கு முன் ‘பாதை’யில்தான் கடந்தோம். பாதை என்றால் இங்கே வாகனத்தையும் ஆளையும் ஏற்றிக் கடக்கும் மிதவை. அதற்காக வெயிலில் காத்திருந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். இப்போது பாலத்தில் நின்று பொழுது சாய்வதைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் இறங்கினால் முஸ்லிம் கடைகளில் கொத்து (உங்கள் கொத்துப் பரோட்டா மாதிரி), பரோட்டா, புரியாணி. கொத்து போடும் சத்தத்துக்கே மகன் இரண்டு தட்டுச் சாப்பிடுவான். வெள்ளி மத்தியானம் ஜும்மாவுக்குக் கடை பூட்டியிருக்கும், நோன்பு மாதத்தில் பகலில் போக வேண்டாம். அங்கே எருமைத் தயிர் வாங்குங்கள். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர், மேலே கித்துள் பாணி, அதாவது கித்துள் பனையின் பாகு, ஊற்றிச் சாப்பிட வேண்டும். மாமியாரும் சாப்பிடலாம்.

அன்றிரவே கொழும்பு பஸ் என்றால் இன்னொரு சட்டியும் வாங்கிக் கயிற்றில் கட்டச் சொல்லிக் கையில் தூக்கி வைத்திருங்கள். பஸ்ஸில் கால்மாட்டில் வைக்காதீர்கள். கவிழ்த்தாலும் விழாது என்ற கதை வழியில் கந்தளாய் வீதிக் குழி வரைக்கும்தான், வேண்டுமென்றால் அந்தச் சித்தப்பாவின் சப்பாத்தைக் கேளுங்கள்.