புறா 500, கொரில்லா 1,000: எது அதிக ஆபத்தில்?

(மொரீசியஸ் காட்டில் புறாக்களுக்குத் தீனி வைக்கப் பல வருடம் போய்வந்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.)

கத்ர் போர்னிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, நம் இளஞ்சிவப்புப் புறா சுமார் 500தான். ஆப்பிரிக்காவின் மலைக் கொரில்லா ஆயிரத்துக்கு மேல். பிறகு ஏன் கொரில்லாவை 'அருகிய இனம்' என்றும், புறாவை அதைவிட ஒரு படி குறைந்த ஆபத்திலும் வைத்திருக்கிறார்கள்?

தலையை எண்ணினால் மட்டும் போதாது தம்பி. புறா இரண்டு முட்டை இடும், இரண்டு வாரத்தில் குஞ்சு. கொரில்லா எட்டரை மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரே குட்டி போடும். அடுத்த குட்டிக்குச் சுமார் நாலு வருடம். ஒரு தாய்க் கொரில்லா செத்தால் அந்த இடத்தை நிரப்பப் பல வருடம் ஆகும். அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களைத் தரம் பிரிக்கும் உலகச் சிவப்புப் பட்டியலில் இரண்டுமே 2018ல்தான் ஒரு படி தேறின.

வக்வாவிலிருந்து ஒரு மாணவி: பத்துப் புறா எப்படி ஐந்நூறு ஆனது?

1990 வாக்கில் காட்டில் பத்துப் புறாதான் மிச்சம். அவை கூடு கட்டியது வெளிநாட்டு மரமான ஜப்பானிய சீடர் தோப்பில். எலியும் குரங்கும் அங்கே அவ்வளவாக வராது. பறவைப் பாதுகாப்பு வல்லுநர் கார்ல் ஜோன்ஸும் அவர் கூட்டாளிகளும் கூண்டில் வளர்த்து, சில குஞ்சுகளை வேறு புறாக்களிடம் கொடுத்து வளர்க்கவைத்து, 1987 முதல் காட்டில் விட்டார்கள். எலி, பூனை, கீரி எல்லாவற்றையும் பிடித்தார்கள்.

அதே மாணவி: தீனியும் வைத்தால் போதும்தானே?

அங்கேதான் மனசு கனக்கிறது. உடைத்த மக்காச்சோளத்துக்குப் பல புறாக்கள் ஒரே இடத்தில் கூடும்போது டிரைக்கோமோனாஸ் என்ற கிருமி பரவுகிறது. தாய் தன் தொண்டைப் பையில் ஊறும் புறாப்பாலை ஊட்டும்போது குஞ்சுக்கும் போய்விடும். ஒரு குஞ்சின் வாயைத் திறந்து காட்டினார்கள்: தொண்டை முழுக்க மஞ்சள் கட்டி, விழுங்க வழியில்லை. தீனியை நிறுத்தவும் முடியாது, காட்டில் பழம் போதவில்லை.

ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு அக்கா: கொரில்லாவுக்கும் நோய்தானா?

நோயும்தான் அக்கா. நம் சளியே அதைக் கொல்லும். பார்க்கப் போகிறவர்கள் 10 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது அதனால்தான். கொரில்லா வாழும் ஆப்பிரிக்காவின் விருங்கா மலையில் 1981ல் 254தான் இருந்தது. கண்ணியில் மாட்டியதை மருத்துவர்கள் காட்டுக்கே போய் விடுவிக்கிறார்கள்.

அக்கா மறுபடி: நாங்கள் சீனக் கொய்யா பறிக்கப் போவது தப்பா?

இல்லவே இல்லை, தாராளமாகப் பறியுங்கள். அந்தப் புதர்தான் நம் நாட்டு மரக் கன்றுகளை வளரவிடாமல் அடைக்கிறது. ஆனால் கிராண்ட் பாசின் புனித ஏரிக்குப் போகும்போது குரங்குக்கு வாழைப்பழம் மட்டும் கொடுக்காதீர்கள். பக்தி எனக்குப் புரிகிறது. ஆனால் புறா முட்டையை எடுத்துத் தின்பதும் அந்தக் குரங்கு இனம்தான்.