புளி போட்ட பித்தளை ஏன் சிவக்கிறது?

கேள்வி: பல வருடமாகப் பரணில் கிடந்த பித்தளைச் சாமான்களைப் புளிக்கரைசலில் இரவு முழுக்க ஊறப்போட்டுத் தேய்த்தேன். கருப்பு போய்விட்டது. ஆனால் ஆங்காங்கே செம்பு நிறத்தில் திட்டுத்திட்டாக இருக்கிறது. பளபளப்பு சரியாக வரவில்லை; வந்த கொஞ்சமும் இரண்டே நாளில் மங்கிவிட்டது. திரும்பவும் புளியில் போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். இப்போது தெரியும் சிவப்பே புளியில் அதிக நேரம் கிடந்ததால் வந்ததுதான். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். அமிலம் முதலில் மேலே படிந்த கருப்பைக் கரைக்கும். அது தீர்ந்த பிறகும் சாமான் உள்ளேயே கிடந்தால், உலோகத்திலிருந்து துத்தநாகம் கரைந்து வெளியேறத் தொடங்கும்; செம்பு மட்டும் மேற்பரப்பில் மிஞ்சும். புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். எதையும் ஊறப்போடாதீர்கள். பூசி, ஓரிரு நிமிடம் மென்மையான துணியால் தேய்த்து, உடனே கழுவிவிட வேண்டும்.

பெரும்பாலும் பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு: அமிலம் கறையை எடுக்கும், பளபளப்பைத் தராது. பளபளப்பு என்பது மேற்பரப்பின் வழவழப்பு. அதை நுண்ணிய தேய்ப்பால்தான் கொண்டுவர முடியும். கடையில் கிடைக்கும் மெட்டல் பாலிஷில் இருப்பது அந்த நுண்துகள்தான். துணியில் கொஞ்சம் எடுத்துச் சிறு சிறு பகுதியாகத் தேயுங்கள். துணி கரிபோல் கறுக்கும். அழுக்கு இன்னும் போகவில்லை என்று நினைத்துச் சிலர் இந்த இடத்தில் மறுபடி கழுவப் போய்விடுகிறார்கள். அது பெரும்பாலும் தேய்ந்து வரும் உலோகத் துகளே. பாலிஷ் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். துணியின் சுத்தமான பக்கத்தைத் திருப்பித் திருப்பித் துடைத்தால், மங்கலுக்கு அடியிலிருந்து மஞ்சள் மெல்ல எழுந்து வரும். உங்கள் சிவப்புத் திட்டுகள் மேலோட்டமாக இருந்தால் இந்தத் தேய்ப்பிலேயே போய்விடும். ஆழமாக இறங்கியிருந்தால் பட்டறையில் இயந்திரத்தில் பஃபிங் (மெருகேற்றல்) போடுவதுதான் வழி. கம்பி நாரை மட்டும் தொடாதீர்கள். அதன் கீறல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வெளிச்சத்தைச் சிதறடித்து மங்கலாகவே காட்டும்.

இரண்டு நாளில் மங்கியதற்குக் காரணம், மிஞ்சிய புளிப்பும் ஈரமும். கழுவியதும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். தங்கியிருக்கும் அமிலம் முறியும். புளியோடு உப்பும் சேர்த்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. வேலைப்பாட்டின் இடுக்கில் தங்கும் உப்பு பித்தளையை வேகமாக அரிக்கும். தானாகக் காயட்டும் என்று விடாமல் துணியால் துடைத்து, இடுக்குகளுக்கு ஹேர் டிரையர் காட்டுங்கள். விரல் ரேகைகூட நாளடைவில் கருந்தடமாகும் என்பதால், பாலிஷ் போட்ட பின் கையுறையோடு எடுத்து வைப்பது நல்லது.

அலங்காரச் சாமானுக்கு மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுத்தால் பளபளப்பு நெடுநாள் நிற்கும். எண்ணெய் பூசும் வழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. தூசி ஒட்டும், எண்ணெய் கெடக்கெட அதன் அமிலம் செம்போடு சேர்ந்து பச்சைக் களிம்பாகும்.

தொடங்குமுன் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது இரும்பின்மேல் பித்தளை முலாம். அழுத்தித் தேய்த்தால் முலாமே போய்விடும். சில சாமான்களில் நிறமற்ற லாக்கர் பூச்சு இருக்கும். அது உரிந்த இடம் மட்டும் கறுத்துத் திட்டாகத் தெரியும். பூச்சை முழுதாக எடுக்காமல் எந்தப் பாலிஷும் பிடிக்காது.

சமையல் பாத்திரமானால் உட்புறத்தில் மெட்டல் பாலிஷ் படவே கூடாது. உள்ளே ஈயம் (வெள்ளீயம்) பூசியிருந்தால் அதைச் சோப்பும் மென்மையான துணியும் கொண்டு கழுவினால் போதும். பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரியத் தொடங்கிவிட்டால், மறுபூச்சு போடும்வரை அதில் புளிப்பான எதையும் சமைக்காதீர்கள்.