புரூக்லண்ட்ஸ் கான்கார்டும் மாமாவின் 1986 பயணமும்

இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் அருங்காட்சியகத்தில் நீங்கள் படமெடுத்த கான்கார்டு என்ற ஒலியை மிஞ்சும் வேகப் பயணிகள் விமானத்தில்தான் உங்கள் மாமா 1986-இல் லண்டனிலிருந்து நியூயார்க் சென்றாரா என்று கேட்டிருந்தீர்கள். அவர் சென்றது அந்த விமானம் அன்று. அருங்காட்சியகத்தில் நிற்பது ஜி-பிபிடிஜி என்ற பதிவெண் கொண்ட கான்கார்டு. 1974-இல் முதன்முதலாகப் பறந்த அது சோதனைப் பறத்தல்களுக்கே பயன்பட்டது. 1981-க்குப் பிறகு பறக்கவில்லை, கட்டணப் பயணிகள் சேவைக்கும் வரவில்லை.

குழப்பத்துக்குக் காரணம் அதன் வண்ணப்பூச்சாகத்தான் இருக்க வேண்டும். பிரிட்டிஷ் ஏர்வேஸின் நிறங்களும் உள்ளே இருக்கைகளும் இருப்பதால், யாருக்கும் அது அந்நிறுவனத்தின் அன்றாடச் சேவையில் இருந்த விமானமாகவே தோன்றும். உண்மையில் அந்நிறுவனம் தன் மற்றக் கான்கார்டுகளுக்கு இதிலிருந்து உதிரிபாகங்களைக் கழற்றி எடுத்தது. எஞ்சியதைப் பகுதிகளாகப் பிரித்துச் சாலைவழியே கொண்டுவந்து, 1907-இல் திறக்கப்பட்ட புரூக்லண்ட்ஸின் பழைய கார்ப் பந்தயத் தடத்தின் வளாகத்தில் மீண்டும் பொருத்தினார்கள்.

1. மாமாவிடம் பறத்தல் சான்றிதழ் இருந்தால், ஜி-பிஓஏஏ முதல் ஜி-பிஓஏஜி வரையிலான ஏழு பதிவெண்களுள் ஒன்று அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

2. கடைசி எழுத்து சி என்றால் மான்செஸ்டருக்கும், டி என்றால் நியூயார்க்குக்கும், எஃப் என்றால் பிரிஸ்டலுக்கும் சென்றால் அந்த விமானத்தையே காணலாம்.

பயணச்சீட்டில் உள்ள பறத்தல் எண்ணை மட்டும் நம்பி முடிவுசெய்ய வேண்டாம்; அது பயண வழித்தடத்துக்குரியது, ஒரே எண்ணில் வெவ்வேறு நாள்களில் வெவ்வேறு விமானங்கள் பறந்திருக்கும்.