ஆமை சிரிக்கும் பக்கம்

கேள்வி: பிலிப்பைன்ஸ் நாட்டின் 'ஆமையும் குரங்கும்' கதையை ஐந்து வயதுக் குழந்தைகளுக்குப் படப்புத்தகமாக எழுதுகிறேன். குரங்குக்குக் காலில் குத்துவது, உரலில் இடிப்பேன் என்பதெல்லாம் வேண்டாம், கடைசியில் இருவரையும் நண்பர்களாக்கிவிடு என்கிறார்கள் வீட்டில். மாற்றலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: நண்பர்களாக்காதீர்கள், அம்மா. ஆற்றில் மிதந்து வந்த வாழையைப் பங்கு போடும்போது பச்சைப்பசேல் என்றிருக்கும் மேல்பாதியைக் குரங்கு எடுத்துக்கொள்கிறது. உயிர் இருப்பது கிழங்கில். அதனால் ஆமையின் அடிப்பாதிதான் குலை தள்ளுகிறது. ஆமையால் ஏற முடியாது. ஏறிய குரங்கோ ஒரு பழம்கூடக் கீழே போடாமல் தின்று தீர்க்கிறது. இந்த வயிற்றெரிச்சல் எந்தக் குழந்தைக்கும் புரியும். அதைக் கிளப்பிவிட்டு, அப்புறம் கைகுலுக்கச் சொல்வது நியாயமில்லை.

பிலிப்பைன்ஸின் தேசிய வீரரும் எழுத்தாளருமான ஹோசே ரிசால் இந்தக் கதையைப் பாரிசில் ஒரு ஆல்பத்தில் படம் படமாக வரைந்தார். 1889 ஜூலையில் லண்டன் பத்திரிகை ஒன்றில் எழுதி, ஜப்பானின் குரங்கு-நண்டு கதையோடு ஒப்பிட்டார். அதன் நினைவாகத்தான் பிலிப்பைன்ஸில் ஜூலை மூன்றாம் செவ்வாய் தேசியக் குழந்தைகள் புத்தக தினம். அவர் எழுதியதில் ஆமை மரத்தைச் சுற்றிக் கூரான நத்தைகளை நட்டுவிட்டுக் கொட்டாங்கச்சிக்குள் ஒளிந்துகொள்ளும். ரத்தம் வரைய வேண்டாம். குரங்கு ஒரு காலைப் பிடித்துக்கொண்டு குதித்தால் போதும்.

உரலை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஒளிந்திருந்த ஆமையைப் பிடித்து, "உரலில் இடிக்கட்டுமா, தண்ணீரில் வீசட்டுமா?" என்கிறது குரங்கு. "உரலிலேயே போடு! தண்ணீர் வேண்டாம், மூழ்கிவிடுவேன்" என்று ஆமை கெஞ்சுகிறது. என் தம்பி மகளுக்கு இதை இருட்டில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. திடீரென்று எழுந்து உட்கார்ந்து, "ஆமை தண்ணியிலதானே இருக்கும்!" என்றாள். அவள் கண்டுபிடித்தது அது. அதனால் முன்பக்கங்களில் எங்கேயும் 'தந்திரக்கார ஆமை' என்று எழுதாதீர்கள். கெஞ்சலை வலப்பக்கத்தின் கடைசி வரியாக வையுங்கள். பக்கத்தைப் புரட்டினால் இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் சிரிக்கும் சின்னத் தலை. எழுத்தே வேண்டாம்.

ஓவியரிடம் சொல்லுங்கள்: அந்த ஊர்க் குரங்கு நீண்ட வால் மக்காக், நம் கருமுக மந்தி இல்லை. ஆமை ஆற்று ஆமை; துடுப்புக் கால் போட்டுக் கடலாமை ஆக்கிவிட வேண்டாம். பகோங் (ஆமை), மத்சிங் (குரங்கு) என்ற, அந்நாட்டுத் தகாலோக் மொழிப் பெயர்கள் அப்படியே இருக்கட்டும். குழந்தைகள் இரண்டே தடவையில் பிடித்துக்கொள்வார்கள்.