மகிழ்ச்சி துள்ளித்தான் ஆகவேண்டுமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பல நாட்டவர் பணிபுரியும் குழு ஒன்றில் இருக்கிறேன். அண்மையில் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. மனம் நிறைந்திருந்தது, ஆனால் நான் துள்ளவில்லை, கூவவில்லை. உடன் பணிபுரிவோர் “உனக்கு மகிழ்ச்சியே இல்லையா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டதில், எனக்கு உணர்வே குறைவோ என்ற ஐயம் வந்துவிட்டது. இது என் இயல்பா, வளர்ந்த பண்பாடா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கேள்வி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. ஆனால் இயல்பும் பண்பாடும் உணர்வின் வெவ்வேறு பகுதிகளில் ஓங்கி நிற்கின்றன. ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர் ஜீன் சாய் தம் சக ஆய்வாளர்களுடன் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, ‘வழக்கமாக எப்படி உணர்கிறீர்கள்’ என்பதையும் ‘எப்படி உணர விரும்புகிறீர்கள்’ என்பதையும் தனித்தனியாகக் கேட்டது. ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்கள் கிளர்ச்சி மிக்க மகிழ்ச்சியைக் கூடுதலாகவும், ஹாங்காங் சீனர்கள் அமைதி நிறைந்த மகிழ்ச்சியைக் கூடுதலாகவும் விரும்பினார்கள். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, விருப்பத்தைப் பண்பாடு அதிகம் வடிவமைக்க, உண்மையில் உணர்வதை மனிதரின் பிறவிக் குணமே அதிகம் தீர்மானித்தது என்ற முடிவுதான்.

அந்தக் குணமும் வெறும் வளர்ப்பின் விளைவன்று. கலகலப்பு, எளிதில் கலங்கும் தன்மை போன்றவற்றில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி மரபணு சார்ந்தது என்று இரட்டையர் ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. ஒரே வீட்டில் வளர்ந்த உடன்பிறந்தோர் ஒரே செய்தியை வேறு வேறு விதமாக ஏற்பதை எவரும் பார்த்திருப்பார்கள்.

வெளிக்காட்டும் முறை இன்னொன்று. உளவியலாளர் வாலஸ் ஃப்ரீசன் 1972இல் அளித்த ஆய்வில், மனத்தைத் தொந்தரவு செய்யும் படக்காட்சிகளைத் தனியாகப் பார்த்த ஜப்பானிய, அமெரிக்க மாணவர்களின் முகங்கள் பெரிதும் ஒத்திருந்தன. ஆய்வாளர் உடனிருந்தபோதோ, ஜப்பானியர்கள் புன்னகையால் தங்கள் மனக்கலக்கத்தை மறைத்தார்கள். நீங்கள் எதையும் மறைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. மனம் நிறைந்திருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தோழர்கள் தங்களுக்குப் பழகிய அளவுகோலால் உங்களை அளந்தார்கள். அந்த அளவுகோலை நீங்களும் கையில் எடுத்துக்கொண்டதுதான் என்னை வருத்துகிறது.

அதே வேளையில், ‘எங்கள் பண்பாடே அமைதியானது’ என்ற விளக்கத்திலும் ஒதுங்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மேலே சொன்ன முடிவுகள் எல்லாம் குழுக்களின் சராசரிகள். ஒரு சமூகத்துக்குள்ளேயே அமைதியானவர்களும் ஆர்ப்பரிப்பவர்களும் உண்டு, அங்கே ஆர்ப்பரிப்பவர் படும் சங்கடமும் உங்களுடையதைப் போன்றதே. அடுத்த முறை யாரேனும் கேட்டால், கிளர்ச்சியை நடிக்க முயலாமல், “மிகவும் நிறைவாக இருக்கிறேன், என் மகிழ்ச்சி இப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிப் பாருங்கள். முகத்தில் தேடியது கிடைக்காமல்தான் அவர்கள் கேட்கிறார்கள். சொல்லில் கிடைத்தால் பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்வார்கள் என்றே நம்புகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்