பச்சை பிரேம் டுகாட்டி: பளபளப்பை விடுங்கள், எண்ணைப் பாருங்கள்

கேள்வி: இத்தாலியில் பொலோனியா அருகே ஒருவர் 1974 டுகாட்டி 750 சூப்பர் ஸ்போர்ட் மோட்டார் சைக்கிள் ஒன்றை விற்கிறார். முழுக்கப் பிரித்துப் புதுப்பித்த வண்டி. போட்டோவில் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. சந்தை விலையைவிடக் கொஞ்சம் குறைத்தே கேட்கிறார். முன்பணம் அனுப்பினால் மூன்று மாதம் எடுத்து வைப்பாராம். அனுப்பலாமா?

பதில்: இப்போதைக்கு அனுப்பாதீர்கள். வண்டி மோசம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் பெயிண்ட் இருக்கிறது, விலை இருக்கிறது, பிரேம் எண்ணும் எஞ்சின் எண்ணும் மட்டும் இல்லை. இந்த மாடலில் பேச்சு அங்கேதான் தொடங்க வேண்டும்.

1972 ஏப்ரல் 23 அன்று இத்தாலியின் இமோலா 200 மைல் பந்தயத்தில் டுகாட்டி ஓட்டிய பால் ஸ்மார்ட் முதலாவதாகவும் புருனோ ஸ்பாஜியாரி இரண்டாவதாகவும் வந்தார்கள். அகோஸ்தினி ஓட்டிய போட்டி வண்டியான எம்வி அகுஸ்டா பாதியிலேயே நின்றுபோனது. டுகாட்டியின் பொறியாளர் ஃபாபியோ தக்லியோனி வடிவமைத்த அந்தப் பந்தய வண்டியைச் சாலைக்கு ஏற்ப மாற்றி 1974-ல் விற்றதுதான் நீங்கள் பார்க்கும் மாடல். செய்தது சுமார் 400 வண்டிகள். இன்று ஏலத்தில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டுகின்றன. அதே காலத்து 750 ஜிடி, 750 ஸ்போர்ட் வண்டிகளுக்கும் வெளிப்பார்வைக்கு இதே எஞ்சின், இதே பிரேம்தான். அவை இதைவிடப் பல மடங்கு அதிகம் செய்யப்பட்டவை, விலையும் குறைவு. அவற்றில் ஒன்றை மாற்றி சூப்பர் ஸ்போர்ட் என்று விற்கும் ஆசை ஏன் வருகிறது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஜிடி, ஸ்போர்ட் பிரேம்களில் எண்ணுக்கு முன்னால் ‘டிஎம்750எஸ்’ என்று அடித்திருக்கும். சூப்பர் ஸ்போர்ட்டில் ‘டிஎம்750எஸ்எஸ்’. ஒரே ஒரு எஸ்தான் வித்தியாசம்! எஞ்சினில் மற்றவற்றுக்கு ‘டிஎம்750’, இதற்கு ‘டிஎம்750.1’. எண்கள் இரண்டுமே 075 என்று தொடங்க வேண்டும். ஆனால் பிரேம் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, கம்பெனியே அப்படிச் சேர்த்து அனுப்பவில்லை. கார் சேகரிப்பவர்கள் பழக்கதோஷத்தில் “நம்பர் மேட்சிங்கா?” என்று கேட்பார்கள். இங்கே அந்தக் கேள்விக்கு அர்த்தம் இல்லை.

எண் அடித்த இடத்தை நேராகவும், டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் ராவிய தடம் நிழலாகத் தெரியும். எழுத்துகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் ஆழமாகவோ லேசாகச் சாய்ந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். மேலே தடியாகப் பெயிண்ட் பூசி எழுத்தே மழுங்கியிருந்தால், அதுவும் ஒரு பதில்தான். கிடைத்த படங்களை இந்த மாடலையே பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் ஒருவரிடம் காட்டுங்கள். அதற்கு ஆகும் கட்டணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

எண் தேறினால் நேரில் போங்கள். முந்தின நாளே “எஞ்சினைச் சூடேற்றி வைக்காதீர்கள்” என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாக சிலிண்டரில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். இதில் செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது, கிக்கர்தான். ஆக்சிலரேட்டரை இரண்டு முறை முறுக்கினால் 40 மில்லிமீட்டர் டெல்லோர்டோ கார்புரேட்டரில் இருக்கும் பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சும், அப்புறம் உதைக்க வேண்டியதுதான். வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டைச் சுழற்றும் பெவல் கியர்கள் லேசாகப் பாடும், அது இந்த எஞ்சினின் குரல். அடியிலிருந்து கனமான ‘டொக் டொக்’ வந்தால் பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராடு கிராங்க்கோடு சேரும் இடத்துப் பேரிங்) போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராங்க் அழுத்திப் பொருத்திய வகை, அதைப் பிரித்துச் சேர்க்கக் கைதேர்ந்த ஆள் வேண்டும், பணமும் வேண்டும். இந்த எஞ்சினில் காகித ஆயில் ஃபில்டர் இல்லை, வெறும் கம்பி வலைதான். அதனால் ஆயிலைக் கொஞ்சம் வடித்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்ப்பது நல்லது.

வால்வு மூடியையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். சூப்பர் ஸ்போர்ட் டெஸ்மோ எஞ்சின். வால்வைத் திறக்க ஒரு ராக்கர் (சிறு நெம்புகோல்), இழுத்து மூட இன்னொரு ராக்கர். ஜிடியிலும் ஸ்போர்ட்டிலும் மூடுகிற வேலையை ஸ்பிரிங் செய்யும். டெஸ்மோ ஹெட்டைத் தனியாக வாங்கி மாட்டவும் முடியும் என்பதால், இது இருந்தால் மட்டும் போதாது. இல்லையென்றால் அங்கேயே கிளம்பிவிடலாம். பிரேமில் கல் தெறித்துப் பெயிண்ட் உதிர்ந்த இடம் ஏதாவது இருந்தால் உற்றுப் பாருங்கள். ‘பச்சை பிரேம்’ என்று இந்த மாடலுக்குப் பெயர் வாங்கித் தந்த வெளிர்பச்சைக்கு அடியில் கறுப்பு எட்டிப் பார்த்தால் அந்தப் பிரேம் வேறு வண்டியாகப் பிறந்திருக்கலாம். முழுக்கச் சுரண்டிப் புதிதாகப் பூசிய வண்டியில் இந்தச் சாட்சியே அழிந்துபோயிருக்கும். அதனால்தான் மின்னும் வண்டியைவிட அழுக்கு வண்டி எனக்குப் பிடிக்கும். பிரிப்பதற்கு முன் எடுத்த போட்டோக்களைக் கேளுங்கள். நேர்மையாகப் புதுப்பித்தவர் நூறு படமாவது வைத்திருப்பார்.

விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்கிறார் என்றீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. டுகாட்டியின் சொந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு பச்சை பிரேமின் மதிப்புத் தெரியாதவர் யார்?

காகிதம் பற்றிச் சுருக்கமாக: இத்தாலியில் பதிவான வண்டி என்றால் பிஆர்ஏ எனும் வாகனப் பதிவேட்டிலிருந்து ‘எஸ்த்ராத்தோ க்ரோனோலோஜிகோ’ என்ற பழைய உரிமையாளர்கள் பட்டியலை எடுத்துத் தரச் சொல்லுங்கள். புராதன வண்டிச் சங்கச் சான்றிதழ் நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

கடைசியாக டேங்க். பெட்ரோல் அளவு தெரிவதற்காகப் பக்கவாட்டில் பெயிண்ட் அடிக்காமல் ஒரு கோடு விட்ட ஃபைபர்கிளாஸ் டேங்க் இது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் ஃபைபரைப் பிடித்து வைத்திருக்கும் அந்தப் பழைய ரெசின் எனும் பிசினைக் கரைத்துவிடும். மூடியைத் திறந்து உள்சுவரை விரலால் தடவுங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் அந்தப் பிசின் கார்புரேட்டருக்கும் போயிருக்கும். பலர் இதற்குப் பயந்தே நகல் டேங்க் மாட்டி ஓட்டுகிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் பழைய டேங்க் கையில் இருக்க வேண்டும், வண்டியின் மதிப்பில் அதற்கும் பங்கு உண்டு. அதை அட்டைப்பெட்டியில் கட்டி வைத்திருக்கிறாரா, தூக்கிப் போட்டுவிட்டாரா என்று எண்களைக் கேட்கும்போதே சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.